56 முறை கட்டு மாற்றியும் ஆறாத புண்: களக்காட்டு வாழைத் தோட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

கட்டைப் பிரித்ததும் ரத்தம் வந்தது. அதைப் பார்த்து நோயாளியின் மனைவி முகத்தில் ஒரு நிம்மதி. "பார்த்தீர்களா சிஸ்டர், இரண்டு வேளையும் இப்படித்தான் நல்ல ரத்தம் வருகிறது. செத்த புண்ணாக இருந்தால் ரத்தம் வருமா?" என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த காய்ந்த காஸ் துணியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தத்தோடு இளஞ்சிவப்பாக, ஈரமான வெங்காயத் தோல்போல ஏதோ ஒட்டியிருந்தது. காலையில் கட்டுப் போட்டதற்கும் இப்போது பிரித்ததற்கும் இடையில் அந்தக் காலில் முளைத்த புதுச் சதை அது. அதைத்தான் நாளுக்கு இரண்டு முறை பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாங்குநேரி வட்டாரத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் கட்டுப் போடும் அறை என் பொறுப்பில் இருக்கிறது. நோயாளியை அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம்; அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். வயது 56, களக்காட்டுப் பக்கம் வாழை விவசாயி, பதினோரு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் என்பது போதும்.

காயம் பட்டது

வைகாசி முதல் வாரம். வாழைக்குப் பக்கக்கன்று எடுத்துக்கொண்டிருந்தபோது மண்வெட்டி நழுவி இடது முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் பட்டது. தோட்டத்தில் இருந்தவர்கள் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் காபித் தூள் வைத்து அழுத்தினார்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கே காபித் தூளைக் கழுவி எடுத்து, ஏழு தையல் போட்டு, டெட்டனஸ் ஊசியும் மாத்திரையும் கொடுத்து, "இரண்டு நாள் கட்டைத் தொடாதீர்கள், மூன்றாம் நாள் வந்து காட்டுங்கள்" என்று அனுப்பியிருக்கிறார்கள். சரியான அறிவுரை. தைத்து மூடிய சுத்தமான காயத்தின் மேல் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் ஒரு மெல்லிய தோல் படலம் விளிம்புகளை இணைத்துவிடும். அதுவரை முதல் கட்டு அப்படியே இருப்பதுதான் அதற்குக் காவல்.

அன்றிரவே மகன் கட்டைப் பிரித்துவிட்டார். உள்ளே எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு வேப்பெண்ணெயும் மஞ்சளும் வைத்துக் கட்டினார். மூன்றாம் நாள் மறு பரிசோதனைக்குப் போகவில்லை. முன்னெலும்பின் மேல் தோல் மெலிது, அடியில் சதை இல்லை, ரத்த ஓட்டமும் குறைவு. அங்கே மண்வெட்டியால் சாய்வாகக் கிழிந்த தோல் பிழைப்பதே கடினம். ஆறாம் நாள் விளிம்பு கறுத்தது. எட்டாம் நாள் தையல் பிரிந்து புண் வாய் திறந்தது. அந்த விளிம்பு எப்படியும் செத்திருக்கக்கூடும். அதற்கு மகனை நான் குறை சொல்ல மாட்டேன். அதன்பின் நடந்ததுதான் இந்த ஆய்வின் பொருள்.

பக்கத்து ஊரில் பழக்கத்தால் கட்டுப் போடுகிற ஒருவர் காலையில் வந்தார். மாலையில் அதையே மகன் செய்தார். முறை ஒன்றுதான். காய்ந்து ஒட்டிய காஸை ஒரே இழுப்பில் உரிப்பது, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது, நுரை அடங்கியதும் பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினியை நீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுவது, காய்ந்த காஸை மறுபடி வைத்துக் கட்டுவது. எட்டாம் நாளிலிருந்து எங்களிடம் வந்த 36ஆம் நாள் வரை, 28 நாளில் 56 கட்டு. ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று மனைவி சொன்னபோது குரலில் பெருமை இருந்தது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

எங்களிடம் வந்தபோது

நீளம் 6.2 சென்டிமீட்டர், அகலம் 3.8. மருந்துச் சீட்டில் எழுதியிருந்த நான்கு வாரத்துக்கு முந்தைய அளவும் ஏறக்குறைய இதுதான். அடிப்பரப்பில் பாதி மஞ்சளான அழுகிய படலம், பாதி பளபளப்பில்லாத சிவப்பு. சுற்றியிருந்த தோலில் அயோடின் கறை, பிளாஸ்திரி உரித்த தழும்புகள். கணுக்காலில் வீக்கம். கட்டு என்ற சொல்லைக் கேட்டாலே அண்ணாச்சி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

மருத்துவர் முதலில் பார்த்தது புண்ணை அல்ல, பாதத்தின் நாடியை. இரண்டு நாடிகளும் நன்றாகத் தட்டின. ரத்தம் வராத காலுக்கு எந்தக் கட்டு எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற பேச்சே வீண். அவரை ரத்தநாள மருத்துவரிடம் அனுப்பியிருப்போம். நுனி மழுங்கிய கம்பியை மெதுவாக விட்டுப் பார்த்ததில் எலும்பு தட்டுப்படவில்லை, எக்ஸ்ரேயும் சுத்தம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 9.1 சதவீதம். மாத்திரையோடு இன்சுலினும் தொடங்கினார்கள்.

சாப்பாட்டையும் கேட்டேன். காயம் பட்ட நாளிலிருந்து முட்டை, மீன், கத்தரிக்காய், பருப்பு எதுவும் கிடையாது, சீழ் வைக்கும் என்று பத்தியம். ரசமும் சோறும் மட்டும். புதுச் சதை கட்டப்படுவது புரதத்தால். அதை நிறுத்திவிட்டுப் புண்ணை ஆறச் சொல்வது, செங்கல் கொடுக்காமல் கொத்தனாரை விரட்டுவது போல. "அப்படியானால் சாளை மீன் குழம்பு வைக்கலாமா?" என்று மனைவி நம்பாமல் கேட்டார். வைக்கலாம், முட்டை கொடுக்கலாம், உளுந்தம்பருப்புச் சோறும் போடலாம், சோற்றின் அளவு மட்டும் கணக்கோடு இருக்கட்டும் என்று மருத்துவரே வந்து சொன்ன பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

அடிக்கடி பிரித்தால் என்ன கெடுகிறது

புண் ஆறுவது என்பது கட்டுக்கு அடியில் நடக்கும் வேலை. முதல் சில நாள் வீக்கமும் சிவப்பும். உடம்பு குப்பையை அள்ளுகிறது. பிறகு சில வாரம் சதை துளிர்க்கிறது, ஓரங்களிலிருந்து தோல் அணுக்கள் உள்நோக்கி ஊர்ந்து வருகின்றன. அவை ஈரத்தின் மேல்தான் ஊரும். மேற்பரப்பு காய்ந்து பொருக்குக் கட்டினால் பொருக்குக்கு அடியில் ஈரம் தேடிச் சுற்றி வர வேண்டும். லண்டனில் ஜார்ஜ் வின்டர் 1962இல் பன்றிகளின் தோலில் சிறு காயங்கள் செய்து, சிலவற்றைப் பாலிதீன் தாளால் மூடினார், சிலவற்றைக் காற்றில் விட்டார். மூடிய காயங்களில் தோல் ஏறத்தாழ இரு மடங்கு விரைவாகப் படர்ந்தது. "புண்ணுக்குக் காற்றுப் பட வேண்டும்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு நேர் எதிரான முடிவு. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அது எங்கள் ஊர்களுக்கு வந்து சேரவில்லை.

காய்ந்த காஸ் இதில் இரட்டைக் கெடுதல் செய்கிறது. அதன் இழைகளுக்குள் புதுச் சதை நுழைந்துவிடும். இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். அழுகல் நிறைந்த புண்ணைச் சுத்தம் செய்ய இந்த உரிப்பையே ஒரு வைத்திய முறையாகப் பயன்படுத்திய காலம் உண்டு. ஆனால் அழுகல் எது, துளிர் எது என்று காஸுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் புண் குளிர்ந்துபோகிறது. மறுபடி உடல் சூட்டுக்கு வந்து அணுக்கள் பழைய வேகத்தில் பெருகச் சில மணி நேரம் ஆகும். நாளுக்கு இரண்டு முறை அரை மணி நேரம் திறந்து வைத்தால் அந்தப் புண் வேலை செய்யும் நேரத்தில் ஒரு பங்கு அப்படியே போய்விடுகிறது.

பெராக்சைடின் நுரையைப் பற்றி ஒரு சொல். கிருமி சாவதால் நுரை வருகிறது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ரத்தத்திலும் சதையிலும் கேட்டலேஸ் என்ற நொதி இருக்கிறது. அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதால் வரும் நுரை அது. கிருமியே இல்லாத புண்ணிலும் நுரைக்கும். கிருமியைக் கொல்லும் வீரியம் புதுச் சதையின் அணுக்களையும் விட்டுவைக்காது.

கட்டைத் தொடாமல் விடுவது புது யோசனையும் இல்லை. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பார்சிலோனா அறுவை மருத்துவர் ஜோசப் ட்ரூயேட்டா, எலும்பு முறிந்த போர்க்காயங்களில் செத்த சதையை வெட்டி நீக்கி, கழுவி, மொத்தக் காலையும் மாவுக்கட்டுக்குள் மூடி, வாரக்கணக்கில் திறக்காமல் விட்டார். 1939இல் அவர் வெளியிட்ட கணக்கில் 1073 பேர். இறந்தவர்கள் 6 பேர். ஆன்டிபயாட்டிக் கைக்கு வராத காலம் அது. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் பாதப் புண்களை மாவுக்கட்டுக்குள் வைத்தே ஆற்றினார். அந்த மாவுக்கட்டுக்குள் நாற்றம் கிளம்பத்தான் செய்தது, புண்ணும் ஆறத்தான் செய்தது. இந்த இரண்டு கதையிலும் எல்லாரும் மறப்பது ஒன்று: மூடுவதற்கு முன் செத்த சதை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். அழுகலை உள்ளே வைத்து மூடவில்லை.

நாங்கள் மாற்றிய முறை

அதனால் முதல் வாரம் நாங்களும் தினமும்தான் மாற்றினோம். மகனுக்குக் கோபம். "நாங்கள் செய்ததையே நீங்களும் செய்கிறீர்கள், அதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா?" என்றார். கேள்வியில் நியாயம் இருந்தது. அழுகிய படலத்தை மருத்துவர் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார், ஊறும் நீர் மாலைக்குள் கட்டு முழுவதும் பரவிவிடும். அந்த நிலையில் நாளுக்கு ஒருமுறை தேவை. வேறுபாடு பிரிக்கும் விதத்தில் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்பே வலி மாத்திரை. ஒட்டியிருக்கும் இடத்தில் சலைன் என்ற உப்பு நீரை ஊற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பது. கழுவுவதும் சலைனால் மட்டும். அயோடின் பாட்டில் அறையின் மறுமூலைக்குப் போய்விட்டது.

கட்டை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். உள்கட்டு பாரஃபின் தடவிய வலைத்துணி. புண்ணில் ஒட்டாது, நீரை மேலே விடும். வெளிக்கட்டு காஸும் பஞ்சும் வைத்த மெத்தை. நனைவது பெரும்பாலும் வெளிக்கட்டுதான். அதை மட்டும் மாற்றினால் போதும், உள்கட்டைத் தொடத் தேவையில்லை. பணம் அதிகம் கேட்காத முறை, வீட்டிலும் கற்றுக்கொடுக்க முடிகிற முறை. நாடி நன்றாக இருந்ததால் விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை கிரேப் பேண்டேஜ் சுற்றினோம். வீக்கம் வடிந்ததும் ஊறும் நீர் பாதியாகக் குறைந்தது. எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை மாற்றியதில் வேறு எதையும்விட அந்தப் பேண்டேஜுக்குத்தான் பங்கு அதிகம் என்று நினைக்கிறேன். நீர் குறையாத காலில் கட்டை நீட்டி வைக்க முடியாது.

இரண்டாம் வாரம் ஒன்றுவிட்டு ஒருநாள். அழுகல் போய் அடிப்பரப்பு முழுதும் மாதுளை முத்துப் போலச் சிவந்ததும், மூன்றாம் வாரத்திலிருந்து நுரைக் கட்டுக்கு மாறினோம். கடற்பஞ்சு போன்ற அந்தத் தாள் நீரை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு புண்ணை ஈரமாகவே வைக்கும். மூன்று முதல் ஏழு நாள் வரை விடலாம். வாரம் இரண்டு முறை வரச் சொன்னோம். கறை எவ்வளவு பரவியிருக்கிறது என்று வெளிப்புறத்தில் பேனாவால் கோடு போட்டுத் தேதி எழுதுவது என் பழக்கம். கறை விளிம்புக்கு ஒரு விரல் அகலத்தில் நெருங்கிவிட்டால், அது இரண்டாம் நாளாக இருந்தாலும் மாற்ற வேண்டும். நெருங்கவில்லையென்றால் ஐந்தாம் நாளிலும் எனக்கு அதில் வேலை இல்லை.

28ஆம் நாள் அளவு 3.6க்கு 2.2. பரப்பளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. சர்க்கரை நோயாளியின் பாதப் புண் நான்கு வாரத்தில் பாதியாவது சுருங்க வேண்டும், இல்லையென்றால் சிகிச்சையை மறுபடி யோசிக்க வேண்டும் என்பது எங்கள் துறையில் புழங்கும் அளவுகோல். இது பாதம் இல்லை, கால்தான். இருந்தாலும் அதே கோலால் அளந்து சந்தோஷப்பட்டோம்.

ஆடி அமாவாசை

மறுநாள் ஆடி அமாவாசை. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க அண்ணாச்சி பாபநாசம் போனார். தாமிரபரணியில் முழங்கால் அளவு நீரில் நின்றார், கட்டு நனைந்தது. வெயிலில் உட்கார்ந்து காயவைத்துக்கொண்டு ஊர் திரும்பினார். மூன்று நாள் கழித்து, ஏற்கெனவே குறித்திருந்த தேதிக்குத்தான் எங்களிடம் வந்தார். கட்டைப் பிரிக்கும் முன்பே ஒரு இனிப்பு வாடை. பஞ்சில் பச்சை நிறக் கறை. புண்ணைச் சுற்றிலும் தோல், நாள் முழுக்க நாற்று நட்டவர் பாதம்போல வெளுத்து ஊறிச் சுருங்கியிருந்தது. அளவு 3.9க்கு 2.6 ஆகத் திரும்பியிருந்தது.

"நனைந்ததும் ஏன் வரவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள்தானே தாயி தொடவே கூடாது என்றீர்கள்?"

ஆமாம், நான்தான். நான்கு வாரமாக அந்த வீட்டில் நான் சொன்னதெல்லாம் "பிரிக்காதீர்கள்" என்ற ஒரே வாக்கியம். எப்போது பிரித்தே ஆக வேண்டும் என்பதை ஒரு தடவையும் சொல்லவில்லை. 56 கட்டு போட்டவர்களின் கையைப் பிடித்து நிறுத்துவதிலேயே குறியாக இருந்ததில், அடுத்த பக்கத்துப் பள்ளத்தை நான் பார்க்கவில்லை. இந்தச் சறுக்கலை அவர்கள் கணக்கில் எழுத முடியாது.

பச்சைக் கறையும் இனிப்பு வாடையும் சூடோமோனாஸ் என்ற ஈரத்தை விரும்பும் கிருமியின் அடையாளம். பரிசோதனையிலும் அதுதான் வளர்ந்தது. காய்ச்சல் இல்லை, சிவப்பு சுற்றுத் தோலுக்குப் பரவவில்லை. அதனால் மாத்திரை வேண்டாம் என்று மருத்துவர் முடிவு செய்தார். மருந்தகத்தில் நீர்க்கத் தயாரித்த அசிட்டிக் அமிலத்தில் காஸை நனைத்துக் கால்மணி நேரம் வைத்து எடுத்து, நுரைக் கட்டை நிறுத்திவிட்டு, தினமும் மாற்றினோம். (சமையல் வினிகரை அப்படியே ஊற்றலாம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம்.) ஆறு நாளில் பச்சை போனது. பிறகு ஒன்றுவிட்டு ஒருநாள், பிறகு மறுபடி வாரம் இரண்டு முறை.

அன்று மாலையே ஒரு அட்டை எழுதினேன். கட்டு நனைந்தால், அவிழ்ந்தால், கறை விளிம்பைத் தொட்டால், புது வாடை வந்தால், வலி குறைந்துகொண்டே வந்தது திடீரென்று கூடினால், சுற்றிலும் சிவந்து சூடானால், காய்ச்சல் வந்தால், தேதியைப் பார்க்காமல் அன்றே வர வேண்டும். வர முடியாத இரவு என்றால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு, ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி, போட்டுக் கழுவி, சுத்தமான கட்டுப் போட்டுக்கொண்டு காலையில் வர வேண்டும். இவற்றில் எதுவும் இல்லையென்றால் குறித்த நாள் வரை தொட வேண்டாம். மனைவியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். "இதை முதலிலேயே கொடுத்திருக்கலாமே" என்றார். கொடுத்திருக்கலாம்.

வேறு புண்களுக்கு வேறு நாள்

இதைப் படிக்கிறவர் "வாரம் இரண்டு முறை" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விடக் கூடாது. அதே ஆடி மாதத்தில் எங்கள் அறைக்கு வந்த மற்றவர்களையும் சொல்கிறேன். கீறிச் சீழ் எடுத்து உள்ளே துணி திணித்த கட்டி ஒன்று. அதைத் தினமும் எடுத்து மாற்றாவிட்டால் சீழ் மறுபடி தேங்கும். குடலிறக்க அறுவைக்குப் பிறகு வந்தவர் ஒருவர். தையல் சுத்தம், கட்டு காய்ந்திருக்கிறது, இரண்டு நாள் கழித்து எடுத்துவிட்டுக் குளிக்கச் சொன்னோம், மறுகட்டே கிடையாது. பாளையங்கோட்டையில் தோல் ஒட்டு அறுவை முடித்துத் தொடையில் தோல் எடுத்த இடத்தோடு வந்த இளைஞர். அந்தக் கட்டைப் பத்து முதல் பதினான்கு நாள் வரை தானாகக் கழன்றுவரும்வரை விட வேண்டும், ஓரம் தூக்கினால் கத்தரித்துவிடுவதோடு சரி. புண்ணின் மேல் காற்றை உறிஞ்சும் கருவி பொருத்தியவர்களுக்கு வழக்கமாக 48 முதல் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை. பீடிச் சுற்றும் முக்கூடல் பெண் ஒருவர் கையில் வெந்நீர் கொட்டிக்கொண்டு வந்தார். முதல் இரண்டு நாள் கொப்புள நீர் நிறைய வந்ததால் தினமும், அப்புறம் மூன்று நாளுக்கு ஒருமுறை.

மூடியபின்

எங்களிடம் வந்து பதினோராம் வாரம், ஆவணிக் கடைசியில், புண் மூடியது. நாங்கள் போட்ட கட்டுகள் மொத்தம் 32. அதில் 13 தினக்கட்டுகள், முதல் வாரத்து ஏழும் அமாவாசைக்குப் பிந்தைய ஆறும். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 7.4க்கு இறங்கியிருந்தது. இன்சுலினும் சாளை மீனும் கிரேப் பேண்டேஜும் இல்லாமல் கட்டின் கணக்கை மட்டும் மாற்றியிருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்டால், நடந்திருக்காது என்றுதான் சொல்வேன். ஒரே ஒரு நோயாளியை வைத்து எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் கட்டைப் பிரிக்கும்போது ரத்தம் வருவது நின்ற வாரத்திலிருந்துதான் அளவுகோலில் எண்கள் இறங்கத் தொடங்கின.

கடைசி நாளில் கட்டில்லாத காலை அண்ணாச்சி நீட்டி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். புதுத் தோல் ரோஜா நிறத்தில், காகிதம்போல மெல்லியதாக இருந்தது. தழும்பு உள்ளுக்குள் இன்னும் ஒரு வருடம்வரை முறுக்கேறிக்கொண்டிருக்கும், அப்போதும் பழைய தோலின் பலத்தில் ஏறக்குறைய 80 சதவீதம்தான் வரும், மறுபடி மண்வெட்டி பட்டால் தாங்காது என்று சொன்னேன். தலையாட்டினார். புரட்டாசியில் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தபோது இடது காலில் நீல நிறத்தில் ஏதோ தெரிந்தது. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் குழாயில் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, உள்ளே பழைய துண்டை மடித்து வைத்து, முன்னெலும்பின் மேல் கயிற்றால் கட்டியிருந்தார். தோட்டத்துக்குப் போகும் நாளெல்லாம் அதுதான் என்றார். கயிறு இறுக்கமாக இருந்தது. அவிழ்த்துத் தளர்த்திக் கட்டிவிட்டேன்.